சித்திரை விடுமுறையும் சிறுவர் கல்வியும்

பங்குனி கழிந்து சித்திரை பிறக்குங் காலத்தில், இலங்கைப் பாடசாலைகள் முதலாந் தவணையை நிறைவுசெய்து பிள்ளைகளை வீடுகளுக்கு அனுப்பிவைக்கின்றன. அவ்வேளையில் யாழ்ப்பாணக் குடாநாட்டு வடமராட்சியின் உடுப்பிட்டிக் கிராமத்து ஒழுங்கைகளிலே நடந்து செல்பவர், வேப்பமரத்தின் சிறு வெண்பூக்கள் முற்றமெங்கும் உதிர்ந்து கிடப்பதையும், கறுத்தக்கொழும்பான் மாமரங்களிற் காய்கள் கனத்துத் தொங்குவதையும், பெண்பனைகளிலே நுங்குக் குலைகள் திரண்டிருப்பதையும் கண்டு, விடியுமுன்பே தொடங்கி வெயிலேறும் வரை ஓயாத குயிலின் குரலையுங் கேட்டு மனம் நிறைவர். ஆயினும் இத்தனைக்கும் நடுவே, ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் இரண்டாண்டு இருக்கும்போதே, எட்டு வயதுப் பிள்ளையொன்று வினாத்தாட் கட்டொன்றைச் சுமந்துகொண்டு தலைநிமிராது தனியார் வகுப்புக்கு விரைவது நமக்குப் பழகிப்போன காட்சியாகிவிட்டது.

பெற்றோரை இதற்காகக் கடிந்துரைப்பது நியாயமன்று. 1852ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷன் கல்லூரி தோன்றிய ஊர் இது. சிவசம்புப் புலவர் வாழ்ந்த ஊர். கல்வியொன்றே தம் பிள்ளைகளைக் கரைசேர்க்கும் என்ற நம்பிக்கை இங்கே பல தலைமுறையாக வேரூன்றியிருக்கிறது. நிலம் குறுகிய, ஆறில்லாத, யுத்தத்தாற் பன்முறை சிதைந்த ஒரு குடாநாட்டு மக்கள் பள்ளிக்கூடத்தின்மீது வைத்த பக்தியைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. யான் கூற விழைவது வேறு. பள்ளிக்கூடத்தால் தரவியலாத ஒரு கல்வி இவ்வூரின் ஒவ்வொரு வளவிலும் இருக்கிறது. அது சித்திரை மாதத்திலே மிகத் துலாம்பரமாக வெளிப்படுகிறது. அதனைப் பெறுவதற்கு ஒரு கொப்பியும், ஒரு பென்சிலும், வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரின் அரைமணிநேர அவதானமும் போதும்.

வீட்டிலிருந்து கற்பதென்பது நமக்குப் புதிதுமன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கொள்ளைநோயின் காரணமாக இலங்கைப் பாடசாலைகளெல்லாம் மூடப்பட்டபோது, அந்த வருடத்துச் சித்திரை முழுவதையும் நம் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே கழித்தனர். ஆசிரியர்கள் சிரமப்பட்டுச் செயலட்டைகளைத் தயாரித்துக் கைபேசி வழியே அனுப்பினர். கைபேசி இல்லாத வீடுகளும், இருந்தும் அதற்குப் பணங்கட்ட இயலாத வீடுகளும் பின்தங்கின. 2022இல் எரிபொருள் கிடைக்காமற்போனபோதும் வகுப்புகள் தடைப்பட்டன. அந்த இரு வேளைகளிலும் வகுப்பறையை அப்படியே வீட்டுக்குட் கொண்டுவர முயன்றோமேயன்றி, வாசற்படியைத் தாண்டினால் கிடைக்கும் பாடங்களை நோக்கப் பெரும்பாலும் தவறினோம் என்பதே என் எண்ணம். ஆரம்பப் பிரிவுப் பாடத்திட்டத்திலோ ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்றே ஒரு பாடம் இருக்கிறது. அந்தச் சுற்றாடல் படங்களாக அச்சிடப்பட்ட புத்தகத்தைப் பிள்ளை மனனஞ்செய்துகொண்டிருக்க, சுற்றாடல் தானே வெளியிற் காத்திருந்தது.

இப்பருவத்திற் செய்யக்கூடியவற்றுள் முதன்மையானதென யான் கருதுவது நிழலை அளப்பதாகும். உடுப்பிட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 9.8 பாகை அகலக்கோட்டில் உள்ளது. வருடத்தில் இரண்டு நாள்களிலே மாத்திரம் சூரியன் இவ்வூருக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். அவற்றுள் முதலாவது ஏப்ரல் 15ஆந் திகதி, அல்லது அதற்கு முன்பின் ஒரு நாள். மற்றையது ஆகஸ்ட் மாதத்தின் இறுதி வாரத்தில் வரும். புத்தாண்டுக் கொண்டாட்டத்தை ஒட்டியே இது நேர்வது ஒரு தற்செயலான பொருத்தமாயினும், சிறுவருக்கு அதனைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்ப்பதரிது. வீட்டில் எல்லோரும் கூடியிருப்பர், பள்ளியும் இராது.

செய்யவேண்டியது மிகச் சுலபம். ஒரு மீற்றர் நீளமுள்ள நேரான தடியொன்றை வெயில் படும் சமதரையில் நட்டு, மேசன்மார் செய்வதுபோல நூலிற் கல்லொன்றைக் கட்டித் தொங்கவிட்டு, தடி சாயாது செங்குத்தாக நிற்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பதினொன்றரை மணியிலிருந்து பதினைந்து நிமிடத்துக்கொரு தடவை நிழலின் நுனியில் ஒரு சிறு கல்லை வைத்துவர, நிழல் குறுகிக் குறுகி வந்து பின் மீண்டும் நீள்வதைப் பிள்ளை தானே காணும். அது மிகக் குறுகும் வேளை கடிகாரத்தின் பன்னிரண்டு மணியன்று. பன்னிரண்டு மணி ஒன்பது நிமிடம் அளவிலேயே உடுப்பிட்டிக்கு உச்சிப்பொழுது வருகிறது. இலங்கையின் கடிகாரம் நமக்குக் கிழக்கேயுள்ள 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு அமையச் செல்ல, நாமோ அதற்கு மேற்கே 80 பாகையை ஒட்டி வாழ்வதே இதற்குக் காரணம். ஏப்ரல் முதலாந் திகதி இத்தடியின் உச்சிநேர நிழல் ஒன்பது சென்ரிமீற்றர் அளவில் வடக்கே விழும். நாளுக்கு நாள் குறுகிப் புத்தாண்டை அடுத்து முற்றாக மறைந்துபோகும். அதன்பின் தெற்குப் பக்கமாக எட்டிப்பார்த்து, ஜூன் 21ஆந் திகதியளவில் இருபத்துநான்கு சென்ரிமீற்றராக வளரும். தைப்பொங்கலன்று இதே தடியை நட்டுப் பார்த்தால் வடக்கே அறுபது சென்ரிமீற்றர் நீளும். சூரியன் கிழக்கே உதித்து மேற்கே மறைகிறதென்று புத்தகத்திற் படித்த பிள்ளைக்கு, அது வருடம் முழுவதும் வடக்குந் தெற்குமாகவும் பெயர்ந்து செல்கிறதென்பது இவ்வாறு பிரத்தியட்சமாகிறது. சூரியனை ஒருபோதும் நேரே நோக்கலாகாது என்ற எச்சரிக்கையை மட்டும் தடியை நடும்போதே சொல்லிவைக்க வேண்டும்; தலைக்குத் தொப்பியும் குடிக்கத் தண்ணீரும் வேண்டும், ஏனெனில் சித்திரை வெயில் இங்கே கடுமையானது.

நிழலற்ற அந்தக் கணத்தில், “ஏனணை அம்மம்மா, தடிக்கு நிழலைக் காணேல்லை?” என்று பிள்ளை கேட்டால், அம்மம்மா கிரக சாத்திரம் கற்றிருக்க வேண்டியதில்லை. “பொறு ராசா, இருந்து பார், திரும்ப எந்தப் பக்கத்தால வருகுதெண்டு” என்று அவர் சொல்லும் விடையே உத்தமமானது. கேள்விக்கு உடனே விடையை ஊட்டிவிடாமல் மீண்டும் பொருளையே நோக்கும்படி திருப்பிவிடுபவரே நல்லாசிரியர்.

உடுப்பிட்டியில் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உறவினரில்லாத வீடு அரிது. அங்குள்ள மச்சான் மச்சாளும் அதே நாளில், தத்தம் ஊரின் உச்சிப்பொழுதில், அதே நீளத் தடியை நட்டு அளந்தால், ரொறன்ரோவில் ஏறக்குறைய 67 சென்ரிமீற்றர் நிழலும் இலண்டனில் ஏறக்குறைய 89 சென்ரிமீற்றர் நிழலும் இருக்கக் காண்பர். அவ்வூர்களில் எந்நாளிலும் நிழல் மறைவதில்லை. கைபேசியிலே முகம்பார்த்துப் பேசும்போது “சாப்பிட்டாச்சோ?” என்ற குசலவிசாரணையோடு இந்த அளவுகளும் பரிமாறப்படுமாயின், பூமி உருண்டை என்னும் உண்மை மூன்று வீட்டுச் சிறுவர்களின் கைகளால் அளக்கப்பட்டதாகிவிடும். இரண்டாயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் எகிப்தில் வாழ்ந்த எரட்டோஸ்தனீஸ் என்னும் கிரேக்க அறிஞர் செய்ததும் இதுவே. சயீன் நகரத்துக் கிணற்றின் அடிவரை உச்சிச்சூரியன் ஒளிபரப்பும் நாளில், வடக்கேயுள்ள அலெக்சாந்திரியாவில் நிழல் விழுவதை அறிந்து, அந்நிழலின் கோணம் ஒரு வட்டத்தின் ஐம்பதிலொரு பங்கெனக் கண்டு, இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஐம்பதாற் பெருக்கிப் பூமியின் சுற்றளவை மதிப்பிட்டார். அவருடைய கிணறு வெகுதூரத்தில் இருந்தது; நமது பிள்ளைகளுக்கோ அது வளவுக்குள்ளேயே இருக்கிறது.

கிணற்றைப் பற்றியே அடுத்துச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாது ஓடும் ஆறு எதுவுமில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழை சுண்ணாம்புக்கற் பாறையின் துவாரங்களூடே இறங்கித் தேங்கியதையே வருடம் முழுவதும் துலாவாலும், பின்னாளில் நீரிறைக்கும் இயந்திரத்தாலும் அள்ளி உயிர்வாழ்கிறோம். அந்த நீரின் வரவுசெலவுக் கணக்கைப் பிள்ளை பார்க்கவேண்டாமா? அரை மீற்றருக்கொரு முடிச்சிட்ட கயிற்றிலே சிறு வாளியொன்றைக் கட்டிப் பெரியவர் ஒருவர் கிணற்றில் இறக்க, வாளி நீரைத் தொடும்வரை எத்தனை முடிச்சு இறங்கிற்றென்று பிள்ளை கட்டுக்குச் சற்று விலகிநின்று எண்ணிக் கொப்பியில் எழுதட்டும். கிழமைக்கொரு தடவை இப்படி எழுதிவந்தால், பங்குனியிலிருந்து நீர் எவ்வளவு தாழ்ந்ததென்பதும், இடைக்கிடை பெய்யும் சித்திரை மழை அதனை உயர்த்திற்றா என்பதும் தெரியவரும். அதே கொப்பியை மார்கழியிலுந் திறந்து எழுதுவார்களாயின், அது அந்த வளவின் வரலாறாகும். கணிதமும் புவியியலும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

ஒன்பது, பத்து வயதினருக்கு இன்னொரு பரிசோதனையுமுண்டு. ஒரு கண்ணாடிக் குவளையின் பாதிக்கு, நன்றாக உப்புக் கரைத்துப் பீற்றூட் சாற்றாற் சிவப்பேற்றிய நீரை ஊற்றி, அதன்மேல் ஒரு கரண்டியின் முதுகு வழியே நல்ல தண்ணீரை மிக மெதுவாக வழியவிட வேண்டும். பொறுமையோடு செய்தால் நன்னீர் மேலேயும் சிவந்த உவர்நீர் கீழேயுமாக இரண்டும் பிரிந்து நிற்கும். பின்னர் மேல்நீரை ஓர் உறிஞ்சுகுழாயால் அவசரமாக இழுத்தால் கீழ்நீர் கலங்கி மேலேறும். நமது காலடியிலும் இதுவே நிகழ்கிறது: மழைநீர் கடலுவரின்மீது மிதந்து நிற்கிறது, அளவுமீறி இறைத்தால் உவர் ஏறுகிறது. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதன் மர்மமும் இதுதான். உடுப்பிட்டியிலிருந்து வல்லை வெளியைத் தாண்டிச் சென்றால் ஒரு காலைப்பொழுதிலேயே அதனைப் பார்த்துத் திரும்பலாம். குவளையில் முதலிற் பார்த்த பிள்ளை அங்கே கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும். தண்ணீரைப் பற்றிய பொறுப்புணர்ச்சியை இந்தக் குடாநாட்டில் எழுத்தறிவுக்கு அடுத்த இடத்தில் வைத்துப் போதிக்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வேலி ஒரு தாவரவியற் பூங்கா. மதில்களும் தகரங்களும் பெருகிவிட்ட இந்நாளிலும், கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை முதலியவற்றின் கதியால்களை நட்டு வளர்த்த உயிர்வேலிகள் உடுப்பிட்டியில் முற்றாக மறைந்துவிடவில்லை. வெட்டிய தடியொன்று வேரூன்றித் துளிர்ப்பதென்பது, விதையிலிருந்தே மரம் வருமென்று கற்ற பிள்ளைக்குப் பேராச்சரியம். வேலியிற் பத்து அடி நீளத்தை ஒரு பிள்ளைக்கு உரிமையாக்கி, அதிலுள்ள ஒவ்வோர் இலையையும் தாளின் கீழ் வைத்து வர்ணப் பென்சிலால் மெல்லத் தேய்த்து நரம்போட்டத்தைப் பதிவுசெய்யச் சொல்லலாம். முருக்கிலை மும்மூன்றாகப் பிரிந்திருப்பதையும், பூவரசிலை இருதய வடிவாக ஒற்றையாய் நிற்பதையும், வேப்பிலை ஒரு காம்பின் இருமருங்கும் பல்வரிசையாக அமைந்திருப்பதையும் அப்போது விரல்களே அறிந்துவிடும். பூவரசம்பூவை ஒரு நாள் முழுவதுங் கவனிக்கச் சொல்வது விசேடமானது. காலையில் மஞ்சளாக மலர்ந்த அது பொழுதேறச் சிவந்து வாடுவதை, நாளொன்றுக்கு மூன்று தடவை வர்ணந்தீட்டிய படங்களாக வரைந்து வைக்கலாம். இலையைச் சுருட்டிக் குழலூதுவதற்குப் பிள்ளைக்கு ஒருவருங் கற்பிக்க வேண்டியதில்லை. கற்பிக்க வேண்டுமென்ற நிலை வந்திருந்தால், பாட்டனார் முன்வருவாராக.

பறவைகளைப் பொறுத்தமட்டில் குயிலிடமிருந்து தொடங்குவது நன்று. கூவுவது கரிய நிறமுள்ள ஆண்குயில். பெண்ணோ கபில நிறத்தில் வெண்புள்ளிகளுடையது, ஆதலால் பலர் அதனைக் குயிலென்றே அறியார். அது காகத்தின் கூட்டில் முட்டையிடுமென்ற செய்தியைச் சொல்லி, வளவிலுள்ள காகக் கூட்டைத் தூரத்திலிருந்து கவனித்து வரச்செய்தால், பிள்ளைகள் வெகு சிரத்தையோடு காவலிருப்பர். கூட்டங் கூட்டமாகத் தரையில் தத்தித் திரியும் புலுனிகளை எண்ணுவதும், செண்பகம் எந்த வேலிக்குள் நுழைகிறதென்று பார்ப்பதும் காலைப்பொழுதுக்குரிய வேலைகள். தொண்டைமானாற்று நீரேரிக் கரையிலும் வல்லை வெளியிலும் மாரிகாலத்தைக் கழித்த வலசைப் பறவைகள் வடக்கே திரும்பும் பருவமும் இதுவே. ஒரு மாலையில் அங்கே அழைத்துச் செல்லும் தந்தை, தேசப்படத்தையும் கூடவே கொண்டுசெல்வாராக.

பனையோலையைச் சொல்லாமல் இவ்வூரைப் பற்றி எழுதவியலாது. சார்வோலையைப் பெரியவர் சீவிக் கொடுத்தால், காற்றாடியும் சிறு குட்டானும் பின்னுவதற்கு ஆறு வயதுக் கைகளே போதும். கூழ் குடிப்பதற்காக மடிக்கப்படும் பிளாவோ, தட்டையான ஓர் ஓலை வெட்டும் ஒட்டுமின்றிப் பாத்திரமாக மாறும் கேத்திரகணிதம். ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்தால் ஒன்று, பத்து, நூறு என்னும் இடப்பெறுமானம் கையில் நிற்கும். புத்தாண்டுப் பலகாரஞ் சுடும் அடுப்படியில் நாலு சுண்டு ஒரு கொத்தென்பதும், பயற்றம் மாவுக்குச் சர்க்கரை எத்தனை பங்கென்பதும் பின்னக் கணக்குகளே. கைவிசேடமாகக் கிடைத்த காசுக்கு வரவுசெலவு எழுதிவைப்பதும் அவ்வாறே.

இவற்றுக்கெல்லாம் பெரியோரின் சாட்சியம் வேண்டுவோருக்குச் சில பெயர்களைக் கூறலாம். 1901இல் சாந்திநிகேதனத்திலே மரநிழலிற் பிள்ளைகளை அமர்த்திப் பள்ளி தொடங்கிய இரவீந்திரநாத தாகூர், 1934இல் யாழ்ப்பாணத்துக்கே வந்து சென்றவர். புலன்களின் பயிற்சியே குழந்தைக் கல்வியின் அத்திவாரமென்று போதித்த மரியா மொன்ரிசோரி அம்மையார், 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து சில வருடங்கள் தங்கிப் பயிற்சியளித்ததோடு, 1944இல் இலங்கைக்கும் வந்தார். நமது மண்ணின் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரோ, கத்தரித் தோட்டத்து வெருளியையும் ஆடிப்பிறப்புக் கொழுக்கட்டையையும் பாட்டாக்கி, பிள்ளை தன் வளவிற் காண்பதே இலக்கியத்துக்குப் போதிய பொருளென்று நிலைநாட்டினார்.

ஆதலின், கண்டதை எழுதுவதே இந்த விடுமுறைக் கல்வியின் உயிர்நிலை. அளந்தும் வரைந்தும் பார்த்தவற்றைப் பிள்ளை ஒவ்வோர் இரவும் ஐந்து வரியில் எழுதட்டும். “இண்டைக்கு என்னடி பிள்ளை கண்டனீ?” என்று தாய் கேட்க, சொல்லச் சொல்ல வசனம் தானாகவே அமையும். எழுத்துப்பிழைகளை அப்போதே சிவப்பு மையாற் சுழித்துக் காட்டுவது கூடாது. பிழைதிருத்தத்துக்கு வருடம் முழுவதும் பள்ளிக்கூடம் இருக்கிறது. எழுத இயலாத முதலாந் தரத்துப் பிள்ளை படமாக வரையலாம். வீட்டுப் பெரியவர்கள் போடும் நொடிகளையும், அவர்கள் சிறுபிராயத்தில் துலா மிதித்த கதைகளையும் அதே கொப்பியிற் சேர்க்கலாம். கல்வியதிகாரிகள் தயாரிக்கும் எந்தச் செயலட்டையிலும் அவை இருக்கமாட்டா; அப்பெரியோர் சென்றபின் கேட்டு எழுதுவதற்கும் ஒருவரும் இரார்.

பெற்றோர் இதற்கு நேரமில்லையென்று சொல்லக்கூடும். வயலுக்கும் கடைக்கும் கந்தோருக்கும் செல்வோரின் சிரமத்தை யான் அறியாதவனல்லன். ஆயினும் நிலாவரைக்கும் நீரேரிக் கரைக்கும் செல்வதைத் தவிர, மேலே சொன்னவற்றுள் எதற்கும் நாளொன்றுக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் பெரியவர் கூடநிற்கத் தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரே விடுமுறையிற் செய்துமுடிக்க வேண்டுமென்ற நியதியுமில்லை. நிழலும் கிணறும் ஆகிய இரண்டை மாத்திரம் ஒழுங்காகச் செய்தாலே போதும். மற்றவற்றைப் பிள்ளை தானே தேடிக்கொள்ளும். வெயில் உக்கிரமான நண்பகலில், தடிக்கு நிழல் பார்க்கும் நேரம் தவிர, பிள்ளைகளை வெளியில் விடாதிருப்பதும், கிணற்றடிக்குத் தனியே அனுப்பாதிருப்பதும் மட்டும் கட்டாய விதிகள்.

ஆசிரியர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. விடுமுறைக்கென்று வினாத்தாட் கட்டுகளைக் கொடுத்தனுப்புவதை இம்முறை நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு வெறுங்கொப்பியைக் கொடுத்தனுப்புங்கள். இரண்டாந் தவணை தொடங்கும் முதல் வாரத்தில், புதிய பாடத்தைத் திறப்பதற்கு முன், அந்தக் கொப்பியிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கத்தை வகுப்பிலே உரத்து வாசிக்க நேரங் கொடுங்கள். அதற்குப் புள்ளி இடாதீர்கள்.